செல்லப் பிராணிக்கும் தனி மருந்துப் பெட்டி
(மகளிர் பிரிவு மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பாட்டிமார்கள் நாயை வாசல்படி தாண்ட விட்டதில்லை. இன்று டில்லியானாலும் புனேயானாலும் நம் பிளாட்டுகளில் சோபாவில் அதுதான் உட்கார்ந்திருக்கிறது! ஆனால் அதற்கு உடம்பு சரியில்லை என்றால் நம்முடைய மருந்து டப்பாவையே திறக்கிறோம். அது கூடாது என்று சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் குடியிருப்பில் ஒரு மாமி, பூனையின் உடம்பு சுடுகிறதே என்று அரை பாராசிட்டமால் மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுத்தார். பிரியத்தில்தான். ஈறு பழுப்பேறி, முகம் வீங்கி, மூச்சுத் திணறி அது போய்விட்டது. அந்த மருந்தை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. இதில் இன்னொன்று: நாய், பூனைகளுக்கு இயல்பான சூடே சுமார் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். நம் கைக்குச் சுடத்தான் செய்யும்!

ஆகவே பெட்டியில் முதலில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், அதற்கென்றே தனியாக. வாசலின் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு காஸ் துணி, ரோலர் பேண்டேஜ், சலைன், போவிடோன் அயோடின் (நீர் கலந்து வெளிர் டீ நிறத்தில்), முனை மழுங்கிய கத்தரி, உண்ணி எடுக்க இடுக்கி, கையுறை, பழைய துண்டு. வலியில் சொந்த நாயே கடிக்கும்; வாயைக் கட்ட நீளமான காஸ் துண்டு ஒன்று அவசியம். வாந்தி எடுத்தாலோ மூச்சு வாங்கினாலோ கட்டாதீர்கள்.

காயத்தில் காப்பிப் பொடி அப்பும் நம் அகத்து வைத்தியம் வேண்டவே வேண்டாம். நாய் நக்கிவிடும், கஃபீன் அதற்கு விஷம். பாயசத் திராட்சையும் வெங்காயமும் அப்படித்தான். தீபாவளித் தீக்காயத்துக்குக் குளிர்ந்த நீர் மட்டும்.

தெருநாய் கடித்துவிட்டால் கையுறை போட்டுக்கொண்டு, சோப்பும் ஓடும் நீருமாகப் பதினைந்து நிமிஷம் கழுவி, தடுப்பூசி போட்டிருந்தாலும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். அதற்காகத் தடுப்பூசி அட்டையும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். டாக்டரின் நம்பரையும், இரவில் திறந்திருக்கும் ஆஸ்பத்திரியின் நம்பரையும் மூடியின் உட்புறம் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள். அவசரத்தில் மூக்குக்கண்ணாடி கிடைக்காது.

சந்தேகம் இருந்தால் இப்போதே கேளுங்கள். காப்பி வர இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது.