மதிப்பெண் குறைந்தால் கணக்கு முடிந்துவிடாது

(திண்டிவனத்தில் நடந்த கல்வி, வேலைவாய்ப்பு வழிகாட்டு நிகழ்ச்சியில் கணக்காளர் ஒருவர் ஆற்றிய உரை. விழுப்புரம், திண்டிவனம் பகுதிக் குடும்பங்களின் பயனுக்காக வெளியிடப்படுகிறது.)



பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே! நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளுக்கு மேடையில் பரிசு கொடுத்தோம். மகிழ்ச்சி. ஆனால் பரிசு வாங்காமல் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

ஒரு தம்பி பி.காம். முடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 46 சதவீதம். இரண்டு தாள் அரியர் வைத்துத் தேறியவர். "இந்த மார்க்குக்கு எவன் வேலை கொடுப்பான்?" என்று அத்தா கேட்கிறார். விருந்துக்கு வந்த மாமா அதையே கொஞ்சம் மெதுவாகக் கேட்கிறார். தம்பி வீட்டை விட்டு வெளியே வருவதைக் குறைத்துக்கொள்கிறார். ஆறு மாதத்தில் ஏதோ ஒரு விசாவுக்கு வட்டிக்குப் பணம் புரட்டும் பேச்சு வந்துவிடுகிறது. மூன்று வருடம் படித்த கணக்கியல் அத்தோடு போய்விடுகிறது. இதைத்தான் நாம் தடுக்க வேண்டும்.

முதலில் உண்மையைப் பேசிவிடுவோம். குறைந்த மதிப்பெண் சில கதவுகளை மூடும். பெரிய நிறுவனங்கள் பல, 60 சதவீதம் இல்லாத விண்ணப்பத்தைப் பிரித்தும் பார்ப்பதில்லை. சி.ஏ. படிப்பில் பட்டதாரிகள் நேரடியாக இடைநிலைக்குச் சேர வேண்டுமானால் வணிகவியலில் 55 சதவீதமாவது வேண்டும்.

மூடாத கதவுகளை இப்போது எண்ணுவோம். அதே சி.ஏ. படிப்புக்கு அடிப்படைத் தேர்வு வழியாகவும் போகலாம். அதை எழுத பிளஸ் டூ தேர்ச்சி போதும். கல்லூரி மதிப்பெண்ணை யாரும் கேட்கப் போவதில்லை. ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. எளிது என்று சொல்லமாட்டேன். பலர் இரண்டு மூன்று முறை எழுதித்தான் தாண்டுகிறார்கள். ஆனால் கதவு திறந்திருக்கிறது. செலவுக் கணக்கு நிறுவனத்தின் சி.எம்.ஏ. படிப்பு, பட்டதாரிகளை நேரடியாக இடைநிலையில் சேர்த்துக்கொள்கிறது.

அரசு வேலையைப் பாருங்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். குரூப் 2 தேர்வுக்கும் வங்கி எழுத்தர் தேர்வுக்கும் பட்டம் இருந்தால் போதும். எத்தனை சதவீதம் என்பது அங்கே கணக்கில் வராது. தேர்வு அறையில் எழுதுவதுதான் கணக்கு. தமிழக அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு 2007 முதல் இருக்கிறது. அதற்குரிய சாதிச் சான்றிதழ் உங்கள் வீட்டுப் பெட்டியில் தயாராக இருக்கிறதா? இன்றே பாருங்கள்.

மூன்றாவது கதவு நம் தெருவிலேயே இருக்கிறது. அரிசி ஆலை, இரும்புக் கடை, ஜவுளிக் கடை, மருந்து மொத்த வியாபாரம், ஆடிட்டர் அலுவலகம். அங்கே உட்காருகிறவர் உங்கள் மதிப்பெண் பட்டியலை ஒரு நிமிடம் பார்ப்பார். பிறகு ஒரு பில்லை எடுத்து நீட்டுவார்: "இதை டாலியில் போடு, பார்ப்போம்."

அந்த பில் எப்படி இருக்கும்? ஓர் உதாரணம் சொல்கிறேன். சென்னை வியாபாரி திண்டிவனம் கடைக்குச் சரக்கு அனுப்பினால் மத்திய ஜி.எஸ்.டி., மாநில ஜி.எஸ்.டி. என்று இரண்டாகப் பிரித்து வரி போடுவார். 18 சதவீதப் பொருள் என்றால் 9, 9. அதே சரக்கைப் பக்கத்திலிருக்கும் புதுச்சேரி வியாபாரி அனுப்பினால் ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்று ஒரே வரியாக வரும். தூரம் குறைவுதான், ஆனால் புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம். இது தெரியாமல் மாற்றிப் பதிந்தால் முதலாளி எடுக்க வேண்டிய உள்ளீட்டு வரிக் கணக்கு குழம்பும். 46 சதவீதம் வாங்கியவர் இதைச் சரியாகப் பதிந்து, 80 சதவீதம் வாங்கியவர் தடுமாறினால், முதலாளி யாரை வைத்துக்கொள்வார்?

கணக்கு வேலைக்கு ஒரு தாளம் உண்டு. மாதம் 7-ஆம் தேதிக்குள் பிடித்த டி.டி.எஸ். வரியைக் கட்ட வேண்டும். 11-க்குள் விற்பனை விவரம், அதாவது ஜி.எஸ்.டி.ஆர்-1. 14-ஆம் தேதி 2பி அறிக்கை வரும். அதை நம் கொள்முதல் பதிவோடு ஒப்பிட வேண்டும். 15-க்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. 20-க்குள் 3பி. மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு இதுதான் நாள்காட்டி. தேதி தவறினால் தாமதக் கட்டணமும் வட்டியும் முதலாளி தலையில் விழும். ஆகவே அவர் தேடுவது தேதி தவறாத, பொய் சொல்லாத, தெரியாததைக் கேட்கக் கூச்சப்படாத ஆளை. இந்த மூன்றுக்கும் எந்தப் பல்கலைக்கழகமும் மதிப்பெண் போடுவதில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். ஜி.எஸ்.டி. வந்தது 2017 ஜூலை 1-இல். அதன் விகிதங்கள் 2025 செப்டம்பர் 22-இல் பெரிய அளவில் மாறின. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம். அது 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. முப்பது வருட அனுபவம் உள்ளவரும் புத்தகத்தைத் திறந்து முதல் பக்கத்திலிருந்துதான் படிக்க வேண்டும். தங்கப் பதக்கம் வாங்கியவரும் நீங்களும் ஒரே கோட்டில் நிற்கும் நேரம் இது.

சரி, என்ன செய்வது? ஆறு மாதத்துக்கு ஒரு திட்டம் தருகிறேன்.

ஒன்று, அரியர் பாக்கி இருந்தால் முதலில் அதை முடியுங்கள். குறைந்த மதிப்பெண் பட்டம் வேறு, பட்டமே இல்லாமை வேறு.

இரண்டு, டாலி மென்பொருளின் கல்விப் பதிப்பு இலவசம். மாதத்தின் குறிப்பிட்ட சில நாட்களில்தான் பதிவு போட முடியும்; பழகுவதற்கு அது போதும். எக்செல்லும் கற்றுக்கொள்ளுங்கள். பெரிய கட்டணம் கேட்டு "வேலை உறுதி" என்று சொல்லும் பயிற்சி நிலையங்களில் அவசரப்பட்டுச் சேராதீர்கள். சென்ற வருடம் படித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ஸலாம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

மூன்று, அத்தாவுடைய கடை, மாமாவுடைய பட்டறை, எதுவானாலும் ஒரு மாதக் கணக்கை முழுமையாக எழுதுங்கள். கொள்முதல், விற்பனை, ரொக்கம், வங்கி எல்லாம். மாதக் கடைசியில் வங்கிப் பாஸ் புத்தகத்தோடு ஒப்பிட்டு ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். நேர்முகத்தில் காட்ட இதைவிடச் சிறந்த சான்றிதழ் இல்லை.

நான்கு, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தேர்வுகளில் தட்டச்சு மட்டுமல்ல, கணக்கியலும் உண்டு. அதை எழுதுங்கள்.

ஐந்து, ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சேருங்கள். முதல் சம்பளம் பஸ் கட்டணத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்குமே சரியாகப் போகலாம். ஆனால் ஒரு கடையில் இருந்தால் ஒரு வியாபாரத்தைத்தான் பார்ப்பீர்கள். அங்கே இருபது வியாபாரங்களின் கணக்கு உங்கள் கை வழியாகப் போகும்.

நேர்முகத்தில் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள், காரணங்களை அடுக்காதீர்கள். "குறைவுதான் சார். அதன் பிறகு இதைக் கற்றுக்கொண்டேன்" என்று எழுதிய கணக்கைக் காட்டுங்கள். கணக்கு வேலைக்கு வருகிறவர் முதல் கேள்விக்கே பொய் சொன்னால் கல்லாப்பெட்டியை அவரிடம் யார் ஒப்படைப்பார்?

ஏட்டில் ஒரு கறை விழுந்தால் வாழ்க்கை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு நம் சென்னையின் ஆர். சிவபோகம் அம்மையாரைச் சொல்வேன். சுதந்திரப் போராட்டத்தில் கலந்துகொண்டு வேலூர் சிறையில் இருந்தவர். 1933-இல் கணக்கியல் தேர்வில் தேறி, இந்தியாவின் முதல் பெண் கணக்குத் தணிக்கையாளர் ஆனார். சிறை சென்றவர் இந்தத் தொழில் செய்யக் கூடாது என்று தடை வந்தபோது வழக்காடி வென்றார். 1955 முதல் 1958 வரை பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்கே தலைவராக இருந்தார். அவர் மதிப்பெண் குறைந்தவர் அல்லர். ஆனால் ஏட்டில் இருந்த ஒரு வரியைக் காட்டி வாசலை அடைத்தபோது அவர் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை.

தாய்மார்களே, உங்கள் பெண் பிள்ளைகளையும் இதில் சேர்த்துத்தான் சொல்கிறேன். இது ஊரிலேயே இருந்து செய்யக்கூடிய வேலை. கணினியும் இணையமும் இருந்தால் நான்கைந்து சிறு கடைகளின் கணக்கை வீட்டிலிருந்தே பார்க்கலாம். திருமணத்துக்குப் பிறகும் கைவிட வேண்டியதில்லை.

அத்தாமார்களுக்கு ஒரு வேண்டுகோள். விசாவுக்குப் புரட்டும் பணத்தில் சிறு பகுதியையும் ஒரு வருடப் பொறுமையையும் பிள்ளைக்குக் கொடுங்கள். பெரியப்பா மகனோடு ஒப்பிடுவதை அந்த ஒரு வருடம் நிறுத்தி வையுங்கள். கடை வைத்திருக்கும் சகோதரர்களே, உங்கள் கணக்குப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, இப்படி ஒரு பிள்ளையை ஆறு மாதம் உட்கார வையுங்கள். இந்த மண்டபத்தில் இருக்கும் பத்துக் கடைக்காரர்கள் இதைச் செய்தால் பத்துக் குடும்பத்தின் நிலை மாறும்.

குர்ஆனில் மிக நீளமான வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியும், எழுதுகிறவர் நீதியோடு எழுத வேண்டும் என்பதைப் பற்றியும் அது பேசுகிறது. கணக்கு எழுதுவது அமானிதம். அந்த அமானிதத்தைச் சுமக்கும் தகுதி ஒரு பிள்ளைக்கு இருக்கிறதா என்பதை மூன்று வருட மதிப்பெண் பட்டியல் மட்டும் சொல்லிவிடாது.

நிகழ்ச்சி முடிந்ததும் வாசல் பக்கம் உட்கார்ந்திருப்பேன். மதிப்பெண் பட்டியலை மறைக்காமல் எடுத்து வாருங்கள். எந்தக் கதவு உங்களுக்குப் பொருந்தும் என்று சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.