தண்ணி திறந்து விடுற அண்ணனுக்கு யார் பயிற்சி கொடுத்தாங்க?

(ஒரகடத்தில் நம் தகவல் தொழில்நுட்ப அணித் தோழர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரகடம், வல்லம், மாத்தூர், இருங்காட்டுக்கோட்டைன்னு ரூம் எடுத்துத் தங்கியிருக்கீங்க. ஷிஃப்ட்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி குழாயில தண்ணி வருது. அதைத் திறந்து விடுறவர் ஊராட்சியோட டேங்க் ஆபரேட்டர். அவர் பேரு நம்மள எத்தனை பேருக்குத் தெரியும்?

வால்வைத் திருகுறது மட்டும்தான் அவர் வேலைன்னு நினைச்சிடாதீங்க. 1 லட்சம் லிட்டர் தொட்டிக்கு சுமார் 400 கிராம் பிளீச்சிங் பவுடர் வேணும். அதை அப்படியே கொட்டக் கூடாது. வாளியில கரைச்சு, சுண்ணாம்பு அடியில தங்கினதும் தெளிஞ்ச தண்ணியை மட்டும் தொட்டியில ஊத்தணும். குறைஞ்சது அரை மணி நேரம் கழிச்சுத்தான் திறக்கணும். கடைசித் தெருக் குழாயிலயும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும். பவுடர் பழசுன்னா வீரியம் போயிருக்கும், கணக்கும் மாறும். கம்மியானா வயித்துப்போக்கு நமக்குத்தான், நம்ம பிள்ளைங்களுக்குத்தான். நாலு வருஷ இன்ஜினியரிங்ல இது என் பக்கமே வந்ததில்ல. தொகுப்பூதியத்துல இருக்கிற ஒருத்தர் தினமும் சரியாச் செய்யணும்னு எதிர்பார்க்கிறோம். தொட்டி கழுவ அந்த இரும்பு ஏணியில ஏறுறவரும் அவர்தான்.

நம்ம கம்பெனியில காண்ட்ராக்ட் ஆளா சேர்ந்தாக்கூட முதல் நாள் சேஃப்டி வகுப்பு, ஷூ, ஹெல்மெட் உண்டு. குடிதண்ணியில கை வைக்கிறவருக்கு?

இதுக்கு முன்னுதாரணம் பக்கத்துலயே இருக்கு. 2004-ல், கடும் வறட்சிக்குப் பிறகு, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் தன் பொறியாளர்களுக்குப் புதுவிதமா ஒரு பயிற்சி தொடங்குச்சு. பேரு ‘கூடம்’. பழைய வீட்டு நடுக்கூடம் மாதிரி, பெரிய அதிகாரியும் சின்ன அதிகாரியும் பதவியை வாசல்ல விட்டுட்டு வட்டமா உட்கார்ந்து பேசணும். நாம போட்ட திட்டம் ஊருக்குள்ள ஏன் ஓடலைன்னு அவங்களே அவங்களைக் கேட்டுக்கிட்டாங்க. அப்போ உருவான உறுதிமொழிக்கு ‘மறைமலைநகர் பிரகடனம்’னு பேரு. இங்கிருந்து சிங்கப்பெருமாள்கோவில் வழியா போனா வர்ற அதே மறைமலைநகர்தான். (2004-ல யார் ஆட்சின்னு கமெண்ட்ல சண்டை வேணாம். நல்லது யார் செஞ்சாலும் எடுத்துக்குவோம்.)

அந்த வட்டத்துல நம்ம டேங்க் ஆபரேட்டருக்கும் ஒரு இடம் வேணும். வருஷா வருஷம் பயிற்சி, கையுறை, முகக்கவசம், குளோரின் சோதிக்கிற கிட், உறுதியான ஏணி, காப்பீடு. சம்பளத்தை உயர்த்தச் சொல்லி அவங்க பல வருஷமா கேட்டுட்டு இருக்காங்க, அதுவும் நியாயம்தான்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம், அன்னைக்குக் கிராம சபை உண்டு. உங்க ஓட்டு இந்த ஊர்ல இருந்தா, போய் உட்கார்ந்து இதைத் தீர்மானமாப் போடச் சொல்லுங்க. ஓட்டு சொந்த ஊர்லதான்னா அந்த ஊர்க் கிராம சபையில கேளுங்க, அங்கயும் ஒரு தொட்டி, ஒரு அண்ணன் இருப்பார். தீர்மான நகலைப் போட்டோ எடுத்து இந்தப் பதிவுக்குக் கீழ போடுங்க. ஒன்றியம் வாரியா தொகுத்து அதிகாரிங்க கையில கொடுக்கிற வேலையை நாங்க பார்த்துக்கிறோம்.