விட்டதைப் பிடிக்கும் ஆசை
(வானொலி மறையுரை)



போடியிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் நம்மில் பலர். போடிமெட்டைத் தாண்டினால் கேரளம். அங்கே லாட்டரிச் சீட்டு கிடைக்கும். நம் மாநிலத்தில் 2003-இல் அது தடைசெய்யப்பட்டது. இன்று மெட்டைத் தாண்டவே வேண்டாம், ரம்மி கைபேசிக்குள்ளேயே வந்துவிட்டது.

ஒருவர் 500 ரூபாய் வைத்து ஆடித் தோற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தோற்றவர் பயந்து நிறுத்துவார் என்றே நாம் நினைப்போம். நடப்பதோ வேறு. விட்டதைப் பிடிக்க 1,000 வைக்கிறார். அதுவும் போகிறது. வாரக் கூலி, மனைவியின் மகளிர் குழுக் கடன், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் என்று ஒவ்வொன்றாய்ப் போகிறது.

இதைக் கானமன், டிவெர்ஸ்கி என்ற இரு அறிஞர்கள் 1979-இல் விளக்கினார்கள். கிடைக்கும் நூறு தரும் மகிழ்ச்சியைவிட, இழந்த நூறு தரும் வலி பெரிது. அந்த வலியைத் துடைத்துவிடத் துடிக்கும் மனம், நிதானமான வேளையில் தொடவே தொடாத ஆபத்தையும் தொடும். வள்ளுவரும் சூதுக்கென்று 94-ஆம் அதிகாரத்தையே ஒதுக்கி, இழக்க இழக்க ஆசை கூடுவதை அன்றே சொல்லிவைத்தார்.

சட்டங்கள் வந்துள்ளன. 2022-இல் தமிழகச் சட்டமன்றமும், 2025-இல் நாடாளுமன்றமும் இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றின. ஆனால் உள்ளே எரியும் வலியை எந்தச் சட்டம் அணைக்கும்?

லூக்கா நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தின் இளைய மகனைப் பாருங்கள். எல்லாவற்றையும் அழித்தவன் அவன். ‘விட்டதைச் சம்பாதித்துக்கொண்டுதான் அப்பா முகத்தில் விழிப்பேன்’ என்று அவன் காத்திருக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பினான். தந்தையும் கணக்குக் கேட்கவில்லை, ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்.

நம் வீட்டில் ஒருவர் அப்படித் திரும்பினால் நாம் தந்தையாக இருப்போமா, முகம் சுளித்த மூத்த மகனாக இருப்போமா? திட்டினால் கடனை மறைப்பார்; மறைத்த கடனை அடைக்க மறுபடியும் ஆடுவார். கையில் பணம் கொடுத்தால் அதையும் வைத்து ஆடுவார். ஆகவே உட்கார்ந்து கேட்போம். வீட்டுப் பணத்தைக் கொஞ்சகாலம் வேறொருவர் பொறுப்பில் வைப்போம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அவரோடு சேர்ந்து பேசுவோம். மருத்துவரிடமும் கூடவே போவோம்.

போனது போகட்டும், ஆள் மிஞ்சட்டும். இழந்த பணம் திரும்பாமலே இழந்த மகன் வீடு திரும்ப முடியும். அந்த வாசலைத் திறந்துவைக்கும் அருளை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.