சலுகையன்று, உரிமை

(சிறுவர் கோடை முகாம் தொண்டர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)

தோழர்களே,

சென்ற ஆண்டு முகாமின் முதல் நாள். முரசும் ஒலிபெருக்கியும் ஒருங்கே முழங்கின. ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன் காதுகளைப் பொத்திக்கொண்டு வாயிலை நோக்கி ஓடினான். "இவனைக் கவனிக்க எங்களிடம் ஆள் இல்லை" என்று கூறி, அவனைத் தாயுடன் திருப்பி அனுப்பினோம். வீட்டுவேலை செய்யும் அத்தாய், அன்றைய கூலியை இழந்து வந்திருந்தார். அனுப்பியவர்களுள் நானும் ஒருவன்.

1995ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்ட ஏழு குறைபாடுகளுள் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ 21 வகைகளுள் ஒன்றாக அதனை ஏற்றது. அதன் 29ஆம் பிரிவு பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும், 30ஆம் பிரிவு விளையாட்டிலும் பங்கேற்பதைப் பேசுகின்றன. தேவைக்கேற்ப ஏற்பாடுகளை மாற்றித் தருவதையும் அச்சட்டம் வலியுறுத்துகிறது. அப்பகுதியைத் தமிழாக்கியபோது, 'சலுகை' என்று எழுதிப் பின்னர் அடித்தேன். சலுகை கொடுப்பவரின் மனம்போல் கூடும், குறையும். உரிமை அவ்வாறன்று.

மாற்ற வேண்டியது சிறுவனையன்று, முகாமின் ஒழுங்கை. அதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. அன்றாட நிகழ்ச்சிநிரலைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். முகாமுக்கு முந்தைய நாளே குழந்தையை அழைத்து இடத்தைக் காட்டுங்கள். ஒலிபெருக்கியின் ஓசையைக் குறையுங்கள். முரசு முழங்குமுன் சொல்லுங்கள். ஓர் அறையை அமைதிக்கென ஒதுக்குங்கள். தண்டனையாக எவரையும் அங்கு அனுப்பாதீர்கள். ஒரு விளையாட்டு முடியுமுன் ஐந்து நிமிட முன்னறிவிப்புக் கொடுங்கள். சுருக்கமாக, நேராகப் பேசுங்கள். கண்ணைப் பார்த்துப் பேசுமாறு வற்புறுத்தாதீர்கள். கைகளை அசைத்துக்கொண்டிருந்தால் தடுக்காதீர்கள். ஒருவருக்கு ஏற்றது மற்றொருவருக்கு ஏற்காது. ஆகவே பெற்றோரிடமும் அக்குழந்தையிடமும் கேட்டறியுங்கள். தாய் நாள் முழுதும் உடனிருக்க வேண்டுமென நிபந்தனை விதிக்காதீர்கள். இரு தொண்டர்கள் முறைவைத்துப் பொறுப்பேற்கட்டும்.

பணம் படைத்தோர் தனியார் பயிற்சி மையங்களை நாடுவர். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் பொதுத் திடலும் நூலகமுமே உள்ளன. அங்கு இவ்வேற்பாடுகளைச் செய்யுமாறு நகராட்சியிடம் கோருவோம், போராடுவோம். ஆனால் நம் முகாமின் கதவை அடைத்துவிட்டு அக்கோரிக்கையை எழுப்ப நமக்குத் தகுதியில்லை.

இவ்வாண்டின் முதல் அழைப்பை அச்சிறுவனின் வீட்டிற்கு எடுத்துச் செல்வோம். முதலில் மன்னிப்புக் கேட்போம், பின்னர் அழைப்போம். நானும் வருகிறேன்.