600 பாத்தும் ஒரு மகளும்



போன வருசக் கூட்டத்தில் ஒரு தோழர், "குடும்பக் கடமை எண்டாலே சுரண்டல்தான்" என்றார். நானும் கைதட்டினேன். பிறகு ஆய்வுக்காகத் தாய்லாந்தின் வடகிழக்கில், ஈசான் பகுதியில், கோன் கென் மாகாணத்து ஊர் ஒன்றில் நாலு மாதம் இருந்தேன். இப்ப அந்த வசனத்தை அப்படியே சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை.

நான் தங்கின வீட்டில் 66 வயது அம்மா ஒருவரும் அவருடைய ஆறு வயதுப் பேரனும். ஊரே அவவை "மே யாய்" எண்டு கூப்பிடும். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'பெரிய அம்மா'. பேரனின் தாய் சோன்புரியில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. ஈசானில் இது புதினமில்லை. உழைக்கிற வயதுக்காரர் பாங்கொக்கில், தாய்வானில், இஸ்ரேல் பண்ணைகளில், பிள்ளைகள் அம்மம்மாமாரிடம்.

முதல் கிழமையே மே யாய் கேட்டா: "அம்மாவுக்கு மாதம் எவ்வளவு அனுப்புறாய்?"

அம்மாதான் எனக்கு அனுப்புறா எண்டேன். அவ சிரிக்கவில்லை. பாவம் எண்டு நினைச்சிருக்க வேணும், ஒட்டரிசிச் சோற்றுக் கூடையை என் பக்கம் தள்ளிவிட்டா.

அங்கே இதற்கு ஒரு சொல் இருக்கிறது: கதன்யூ. பாலி மொழியிலிருந்து வந்தது. செய்த நன்மையை அறிந்திருத்தல் என்று பொருள். குறளில் ஓர் அதிகாரத்தின் பெயரே இதுதானே, செய்ந்நன்றி அறிதல். அதனால் 'அவர்களுடைய பண்பாடு' எண்டு தள்ளி நிண்டு பார்க்க என்னால் முடியேல்லை.

ஆனால் இந்தக் கடனை மகனும் மகளும் ஒரே மாதிரி அடைப்பதில்லை. மகன் கொஞ்சக் காலம் துறவியாகி, அந்தப் புண்ணியத்தைத் தாய்க்குக் கொடுக்கலாம். மகளுக்கு அந்த வழி அடைப்பு. பெண்களுக்குத் துறவு கொடுக்கக்கூடாது என்று 1928இல் அங்கே பிக்குகளுக்கு ஆணை வந்தது. (பிக்குணியாக விரும்பும் தாய்லாந்துப் பெண்கள் சிலர் இலங்கைக்குப் போய்த்தான் துறவு பெற்றார்கள். எங்களுக்குத் தெரிஞ்ச அதே இலங்கைப் பௌத்தம்தான்!) ஆகவே மகளின் கடன் காசாகத்தான் போகவேண்டும். மகன்மாரும் அனுப்புகிறார்கள். அனுப்பாவிட்டால் ஊர் அவ்வளவு கதைக்காது, அவ்வளவுதான். கடைசி மகளுக்கு வீடு கிடைப்பது ஈசான் வழக்கம். வீட்டோடு பெற்றோரும் அவள் பொறுப்பு.

இதில் அரசு எங்கே? மே யாய்க்கு முதியோர் உதவித்தொகை மாதம் 600 பாத். 90 வயது தாண்டினால் 1000. பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று சிவில் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. தொழிற்சாலைக்கும் வசதி. தொழிலாளியை வளர்த்துக் கொடுத்தது ஊர், இப்ப அவளுடைய பிள்ளையை வளர்க்கிறதும் ஊர். 1997 நெருக்கடியில் வேலை போனவர்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பியதும் ஊருக்குத்தான். மகளின் அன்பை நான் சுரண்டல் எண்டு சொல்லமாட்டேன். அந்த அன்பைக் காட்டி அரசும் முதலாளியும் தங்கள் செலவைக் குறைக்கிறார்களே, சுரண்டல் அங்கேதான்.

2023 தேர்தலில் இந்தத் தொகையைப் படிப்படியாக 3000 ஆக்குவோம் என்ற கட்சிதான் கூடுதல் இடங்களை வென்றது. ஆட்சி அமைக்க விடவில்லை. அடுத்த வருசம் நீதிமன்றம் கட்சியையே கலைத்தது.

ஏப்ரலில் சொங்க்ரான் புத்தாண்டுக்கு மகள் வீட்டுக்கு வந்தா. மகன் முதல் நாள் அவவுக்குக் கிட்டப் போகவில்லை, மே யாயின் பின்னாலேயே ஒளிஞ்சு நிண்டான். இரவு பாத்திரம் கழுவும்போது கேட்டேன்: "அக்கா, உண்மையிலேயே 3000 குடுத்தா அம்மாவுக்குக் காசு அனுப்புறதை நிப்பாட்டுவீங்களோ?"

"நிப்பாட்டமாட்டன். குறைப்பன்" எண்டா. கொஞ்ச நேரம் பேசேல்லை. பிறகு சொன்னா: "மிச்சக் காசில சோன்புரியில இன்னொரு அறை எடுக்கலாம். நான் வேலைக்குப் போற நேரம் பிள்ளை பார்க்க ஒரு ஆள் பிடிக்கலாம். இவனை என்னோட வச்சிருப்பன்."