பிடுங்கிய கடைவாய்ப்பல்: நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் அதன் பின்விளைவுகள்

ஆறு வயதையொட்டி, எந்தப் பால்பல்லும் விழாமலேயே, தாடையின் பின்பக்கத்தில் ஒரு பெரிய பல் முளைக்கிறது. அதுதான் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல். அந்த இடத்தில் பல் எதுவும் விழாததால் பெற்றோர் பலர் அதையும் பால்பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். சொத்தை விழுந்தாலும், விழுந்து முளைக்கிற பல்தானே என்று விட்டுவிடுகிறார்கள். உலகெங்கும் நிரந்தரப் பற்களில் முதலில் பறிபோவது பெரும்பாலும் இந்தப் பல்தான். தோட்டப்புறத்துத் தமிழர்களும் இதற்கு விலக்கல்லர். அந்தப் பல் போன பிறகு மற்றக் கடைவாய்ப்பற்கள் என்னவாகின்றன, காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டு என்னவாகிறது என்ற இரு கேள்விகளே இக்கட்டுரையின் பொருள். இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவது நெடுநாள் வழக்கம். பிரித்துப் பேசுவதே சரி என்பதற்கு இன்று போதிய ஆதாரம் உண்டு.

முதலில் பல் ஏன் போனது என்பதைப் பார்க்க வேண்டும். லிங்கி, லாபு, சிலியாவ், ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள் விடியுமுன் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) போனவர்கள். சீனி போட்ட கோப்பியும் ரொட்டியும் காலைப் பசிக்கு. மதியம் வரை வேறில்லை. பல்வலி வந்தால் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரிடம் போவார்கள். சிரம்பானுக்கோ கோலப்பிலாவுக்கோ போய்ப் பல் அடைக்க வேண்டுமென்றால் ஒருநாள் சம்பளம் போகும். அடைப்புக்கு இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும், பிடுங்க ஒருமுறை போனால் போதும். இந்தக் கணக்கில் பிடுங்குவதே வென்றது. அவர்களுடைய அறியாமையைக் குறை சொல்வதைவிட அந்தக் கணக்கைப் புரிந்துகொள்வது பயனுள்ளது.

அரசு முயலாமல் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கான பல் தாதியரைப் பயிற்றுவிக்கும் பள்ளி 1949-இல் பினாங்கில் தொடங்கியது. குடிநீரில் ஃபுளோரைடு சேர்ப்பது 1957-இல் ஜொகூர் பாருவில் தொடங்கி, 1972-இல் நாட்டுக் கொள்கையானது. ஆனால் கிணற்றிலிருந்தும் ஆற்றிலிருந்தும் தாமே நீர் எடுத்துக்கொண்ட தோட்டங்களுக்கு அந்தக் குழாய் நீர் எட்டவில்லை. கொள்கை வந்த ஆண்டையும் தோட்டத்து வீட்டுக் குழாயில் நீர் வந்த ஆண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு வரையப்படும் அட்டவணைகள் இதனால்தான் நம்மை ஏமாற்றுகின்றன.

இனி, பல் போன வாயில் நடப்பது.

பல் எலும்பில் அறைந்த ஆணி அன்று. வேரைச் சுற்றியுள்ள நார்த்திசு அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. எதிர்ப்பல்லின் அழுத்தமும் பக்கத்துப் பல்லின் தொடுகையும் அதை அதனிடத்தில் நிறுத்துகின்றன. இரண்டில் ஒன்று போனாலும் பல் நகரத் தொடங்கக்கூடும். கீழ்த்தாடையில் முதல் கடைவாய்ப்பல் போனால், அதற்குப் பின்னாலுள்ள இரண்டாம் கடைவாய்ப்பல் வெற்றிடத்தை நோக்கி முன்னாலும், நாக்கின் பக்கமாக உள்ளேயும் சாய்கிறது. முன்னாலுள்ள முன்கடைவாய்ப்பல் பின்னோக்கி விலகுவதுண்டு. மேல்தாடையில் எதிரில் இருந்த பல், கடிக்க ஆளில்லாமல், கீழே இறங்குகிறது.

பிடுங்கிய வயதைப் பொறுத்து விளைவு மாறுகிறது. எட்டு முதல் பத்து வயதுக்குள், இரண்டாம் கடைவாய்ப்பல்லின் வேர் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தில், கீழ் முதல் கடைவாய்ப்பல்லை எடுத்தால் இரண்டாம் பல் நேராக முன்நகர்ந்து இடத்தை நிரப்பிவிடும் வாய்ப்பு நல்லது. அது முளைத்து முடித்த பிறகு, பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்கு மேல் எடுத்தால் அது நகர்வதைவிடச் சாய்வதே அதிகம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வலி பொறுக்காமல் போகும் வயது பெரும்பாலும் அந்தப் பிந்திய வயதுதான். பல் தாதியர் ஆறேழு வயதில் பார்த்தால் அடைத்தே காப்பாற்றலாம். காப்பாற்ற முடியாத பல்லாக இருந்தாலும் எந்த வயதில் எடுப்பது என்பதையேனும் திட்டமிடலாம். நெகிரி செம்பிலானின் 61 தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றின் பெயரில் இன்றும் தோட்டத்தைக் குறிக்கும் ‘லாடாங்’ என்ற சொல் இருக்கிறது: கெடிஸ், ஜெராம் பாடாங், சுவா பெத்தோங், கிர்பி. முதலாம் ஆண்டு வகுப்பில் கடைவாயின் பின்பக்கத்தை ஒரு கண்ணாடி வைத்துப் பார்ப்பதற்கு அப்பள்ளிகளைவிட ஏற்ற இடம் இல்லை.

இந்த நகர்வு எவ்வளவு என்பதில் மிகைப்படுத்தல் வேண்டாம். குறைந்தது பத்தாண்டு எதிர்ப்பல் இல்லாமல் இருந்த 84 கடைவாய்ப்பற்களைக் கிலியாரிடிஸ் குழுவினர் அளந்து 2000-இல் வெளியிட்டனர். 18 விழுக்காட்டுப் பற்கள் இறங்கவே இல்லை. 58 விழுக்காடு இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைவாகவே இறங்கியிருந்தன. 24 விழுக்காடு மட்டும் அதைத் தாண்டின. அமெரிக்காவில் ஷூகர்ஸ் குழுவினர் பார்த்த இடைவெளிகளிலும் பெரும்பாலானவற்றில் மாற்றம் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. ஒரு பல் போனால் வாயே குலைந்துவிடும் என்று நோயாளியை மிரட்டிப் பல்பாலம் கட்ட வைப்பதை இந்த எண்கள் ஆதரிக்கவில்லை.

ஆனால் அந்த நான்கில் ஒரு பங்குப் பற்கள் உள்ள வாய்களில் நடப்பது கவனத்துக்குரியது. ஓய்வுபெற்ற ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் வாயை எடுத்துக்கொள்ளலாம். இடப்பக்கம் கீழே முதல் கடைவாய்ப்பல் இல்லை. இரண்டாவது, பக்கத்து மரம் விழுந்த வரிசையில் வெளிச்சம் தேடிச் சாய்ந்த ரப்பர் மரம்போல முன்னால் படுத்திருக்கிறது. அதன் முன்முகத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஆழமான ஒரு மூலை உண்டாகிவிட்டது. பல்துலக்கியின் நுனி அங்கே போவதில்லை. கீரை நாரும் இறைச்சி நாரும் போகின்றன. குச்சியால் குத்திக் குத்தி ஈறு புண்ணாகியிருக்கிறது. கருவியை வைத்தால் ஈறுப்பையின் ஆழம் தெரிகிறது, சற்றுக் கீழே வேரில் சொத்தை. மேலே இறங்கிய பல்லின் வேர்ப்பகுதி வெளியே தெரிகிறது, அதுவும் மஞ்சளாகக் குழிந்திருக்கிறது. அது கீழ் ஈறைத் தொடும் அளவுக்கு இறங்கியிருந்தால் பிறகு செயற்கைப்பல் வைக்கவும் உயரம் இருக்காது. இப்படி, பிடுங்கிய ஒரு பல் நாற்பது ஆண்டில் மேலும் இரண்டு பற்களைக் கொண்டுபோய்விடுகிறது.

மிஞ்சிய கடைவாய்ப்பற்களுக்கு வரும் இன்னொரு கேடு சுமை. ஒரு பக்கம் பல் இல்லாதவர் மறுபக்கமே மெல்லுகிறார். அந்தப் பக்கத்துப் பற்களில் பழைய பெரிய பாதரசக் கலவை அடைப்பு இருந்தால் மீதிச் சுவர் விரிசல் விடுகிறது. ஈறு நோயால் எலும்பு குறைந்த பல்லில் அதே சுமை ஆட்டத்தைக் கூட்டுகிறது. வெற்றிலையோடு கொட்டைப்பாக்கை நாள்முழுதும் மென்ற தலைமுறையில் கடைவாய்ப்பல்லின் முகடுகள் தட்டையாகத் தேய்ந்திருக்கும். ஓரம் மட்டும் கூராக நின்று கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். இருபக்கமும் பின்பற்கள் போனால் மெல்லும் வேலை முன்பற்களுக்கு வருகிறது. ஈறு வலுவாக உள்ளவர்களிடம் அவை தேய்கின்றன, வலுவற்றவர்களிடம் மேல் முன்பற்கள் விசிறிபோல் விரிகின்றன.

அடுத்தது மூட்டு. கீழ்த்தாடையின் குமிழ் மண்டையோட்டின் பொட்டெலும்புக் குழியில் அமர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நார்க்குருத்தெலும்பாலான ஒரு வட்டு உண்டு. வாய் திறக்கும்போது குமிழ் முதலில் சுழல்கிறது, பிறகு வட்டோடு முன்னால் வழுக்குகிறது. பின்பற்கள் இல்லாவிட்டால் தாடை அதிகமாக மூடி, குமிழ் பின்னால் தள்ளப்பட்டு, காது நரம்பை நசுக்கும் என்ற கருத்தை அமெரிக்கக் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் 1934-இல் முன்வைத்தார். அவர் ஆதாரமாகக் கொண்டவர்கள் பதினொரு பேர். காதடைப்பு, தலைச்சுற்றல், தலைவலி எல்லாம் அந்த ஒரு காரணத்தின் தலையில் ஏறின. உடற்கூற்றியலாளர் ஹாரி சிச்சர் 1948-இல் அந்த விளக்கம் மூட்டின் அமைப்புக்கே பொருந்தாது என்று காட்டினார். ஆனாலும் பல்மருத்துவமனை நாற்காலிகளில் காஸ்டனின் கருத்து இன்னும் உயிரோடு இருக்கிறது. பல்லைக் கட்டாவிட்டால் காது போய்விடும் என்ற எச்சரிக்கை அதன் பேரப்பிள்ளை.

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ஆர்ன் கெய்சர் 1981-இல் வேறு வழியில் கேட்டார்: எத்தனை பல் இருந்தால் போதும்? முன்பற்களும், எதிரெதிரே சந்திக்கும் நான்கு முன்கடைவாய்ப்பல் இணைகளும் இருந்தால் வயது வந்தவருக்குப் பெரும்பாலும் போதும் என்பது அவர் கண்ட விடை. அப்படிப்பட்டவர்களை விட்டர் குழுவினர் ஒன்பது ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது, முழுப்பல் உள்ளவர்களைவிட மூட்டுத் தொல்லை அவர்களுக்குக் கூடவில்லை. நம் தோட்டத்து நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது 2003-இல் சரிதா குழுவினர் தான்சானியாவில் நடத்திய ஆய்வு. பின்பற்கள் தாடைக்குத் தரும் தாங்கல் குறைந்திருந்தால் பாதகமில்லை, ஒரு பக்கமோ இருபக்கமோ அறவே இல்லாமற்போனால் வலியும் மூட்டு ஒலியும் கூடக்கூடும் என்றது அது. கீழ்ப் பின்பற்கள் இல்லாதவர்களிடம் வட்டு விலகல் சற்று அதிகம் என்று 2002-இல் டாலண்ட்ஸ் குழுவினரும் படமெடுத்துப் பார்த்துச் சொன்னார்கள்.

ஆகவே மூட்டுக்குப் பாதிப்பே இல்லை என்பதும் பிழை, பல் போனால் மூட்டு போகும் என்பதும் பிழை. இரண்டு செய்திகள் இந்த நிதானத்துக்குத் துணை நிற்கின்றன. தாடை மூட்டு நோய் மிகுதியாகக் காணப்படுவது இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள், அதிலும் பெண்களிடம். பல்லிழப்பு கூடுவதோ அதற்குப் பின். பல்லிழப்பே முதற்காரணமாக இருந்தால் இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்கும். இரண்டாவது, பல் குறையக் குறையக் கடிக்கும் விசையும் குறைந்துவிடுகிறது. மூட்டு அதனால் ஓரளவு தப்பிக்கிறது. உறக்கத்தில் பல்லைக் கடிப்பது, மனவழுத்தம், அடிபட்ட தாடை, மூட்டுவாதம் ஆகியவற்றையும் விசாரிக்காமல் பல்லில்லாத இடத்தையே குற்றவாளியாக்குவது அவசரம்.

தோட்டப்புறத்துக்கே உரிய ஒரு பொறி இங்கே இருக்கிறது. வாய் சரியாகத் திறக்கவில்லை என்று வரும் முதியவருக்குக் கடைவாய்ப்பல் இல்லை என்றால், மூட்டுதான் இறுகிவிட்டது என்று முடிவுகட்டத் தோன்றும். பாக்குப் போட்டவரிடம் கன்னத்தின் உட்சவ்வு வெளிறி நார்பாய்ந்து இறுகுவதும் இதே போல வாயைப் பூட்டிவிடும். இரண்டையும் பிரிக்கப் பெரிய கருவி வேண்டாம். காதுத்துளைக்குச் சற்று முன்னால் இரு விரல்களை வைத்து வாயைத் திறக்கச் சொன்னால், மூட்டு நோயென்றால் அங்கே வலி, சொடுக்கு அல்லது மணல் உரசும் ஒலி தெரியும். தாடை ஒருபக்கமாக விலகும். நோயாளியின் மூன்று விரல்களை அடுக்கி வெட்டுப்பற்களுக்கு இடையில் விடச் சொன்னால் திறப்பின் அளவு கிடைக்கும். பிறகு கன்னத்தின் உட்புறத்தைக் கட்டைவிரலால் தடவ வேண்டும். தந்திக்கம்பி போல நாண்கள் தட்டுப்பட்டால் வழி வேறு. பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் சேர்த்தது. மலேசிய இனங்களில் வாய்ப்புற்றுநோய் இந்தியரிடம் அதிகம். அந்த நாண்களைத் தவறவிட்டுச் செயற்கைப்பல்லுக்கு அளவெடுப்பது பெரும்பிழை. ஆறாத புண்ணும் வெள்ளை, சிவப்புத் திட்டுகளும் அதே தடவலில் தேடப்பட வேண்டியவை.

எந்த இடத்தை நிரப்புவது என்பதற்கு இதிலிருந்து விடை வருகிறது. இரண்டு பக்கமும் முன்கடைவாய்ப்பற்கள் நன்றாகச் சந்தித்து, நோயாளிக்கு மெல்லுவதில் குறையில்லையென்றால் கடைசிக் கடைவாய்ப்பல்லின் வெற்றிடத்தை விட்டுவிடலாம். இறங்கும் பல்லை மட்டும் கண்காணித்தால் போதும். ஒரு பக்கம் முழுவதும் தாங்கல் இல்லாதவர், முன்பற்கள் விரிகிறவர், மூட்டில் ஏற்கெனவே வலியுள்ளவர் ஆகியோருக்கு நிரப்புதல் முந்தும். சாய்ந்த பல்லைப் பாலத்தின் தூணாக்குமுன் அதை நிமிர்த்த முடியுமா என்று பார்ப்பது நல்லது. எலும்பில் பதிக்கும் பல் சிறந்தது, ஆனால் தோட்டத்திலிருந்து நீலாய், செனாவாங் பக்கத்து மலிவுவிலை அடுக்குவீடுகளுக்கு மாறியவர்களில் பலருக்கு அதன் விலை எட்டாது.

மலிவான பிளாஸ்டிக் செயற்கைப்பல்தான் நடைமுறையில் கிடைப்பது. பின்னால் பிடிக்கப் பல் இல்லாத கீழ்த்தட்டு ஒவ்வொரு கடியிலும் ஈறில் அமுங்குகிறது. அடியிலுள்ள எலும்பு தேயத் தேயத் தட்டு கீழே இறங்கும், பின்பற்கள் சந்திப்பதை நிறுத்தும். போட்டிருந்தும் போடாத நிலை அது. பல்லின் கழுத்தை ஒட்டிய தட்டின் ஓரம் ஈறைக் கீழே தள்ளி, மிஞ்சிய பல்லையும் ஆட்டிவிடும். பதிவில்லாத ஆள்கள் வீட்டுக்கு வந்து செய்து, கழற்ற முடியாதபடி பக்கத்துப் பல்லோடு ஒட்டிவிட்டுப் போகும் தட்டுகள் இதில் மிகமோசம். அடியில் உணவு அழுகிப் பல் வேரோடு சொத்தையாகிறது. முறையாகச் செய்த தட்டை இரவில் கழற்றி நீரில் போட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அரசு பல் மருத்துவகத்தில் காட்டி, மெல்லிய தாளைப் பின்பற்களுக்கிடையில் கடிக்கவைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். தாள் தடையின்றி வந்துவிட்டால் அடித்தளத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்துவிட்டது.