மருந்தேற்றிய பின் வரும் காய்ச்சல்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)



நான் வைத்தியனல்லன், பல்கலைக்கழகத்திற் பயிலும் மாணவன். ஆகையாற் புற்றுநோயின் வரலாற்றையோ அதன் மருந்துகளையோ இங்கு விரித்துரைக்கப் போவதில்லை. கீமோ எனப்படும் மருந்தேற்றும் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவருக்கு நள்ளிரவிலே காய்ச்சல் கண்டால் வீட்டார் செய்ய வேண்டுவது யாது என்ற ஒரு கேள்வியையே முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன்.

நம் வீடுகளிற் காய்ச்சலுக்கு ஒரு வழமை உண்டு. கொத்தமல்லி அவித்துக் கொடுப்போம். இரண்டு பனடோல் கொடுப்போம். போர்த்திப் படுக்கச் சொல்லி, "விடியட்டும், பார்ப்போம்" என்போம். மருந்தேற்றியவருக்கோ அந்த "விடியட்டும்" என்ற சொல்லே உயிருக்கு உலை வைத்துவிடும்.

காரணத்தைக் கேளுங்கள். புற்றுநோய்க் கலங்கள் விரைந்து பெருகுபவை. அவ்வாறு பெருகுவனவற்றையே இம்மருந்துகளிற் பல தாக்குகின்றன. ஆனால் என்பு மச்சையில் ஓயாது உண்டாகும் வெண்குருதிக் கலங்களும் விரைந்து பெருகுபவையன்றோ? மருந்துக்கு நண்பன், பகைவன் என்ற பேதம் தெரியாது. ஆகவே மருந்தேற்றி ஏறக்குறைய 7 முதல் 14 நாட்களுள், கிருமிகளோடு பொருதும் நியூத்திரோபில் என்னும் கலங்கள் மிகவும் குறைந்துவிடுகின்றன. காவலரற்ற கோட்டையிற் பகைவர் புகுவதுபோலக் கிருமிகள் குருதியிற் பரவும். சிவப்பு, வீக்கம், சீழ் என்பன பெரும்பாலும் அக்காவலர் போரிடுவதனால் தோன்றும் அடையாளங்கள். காவலர் இல்லாதவிடத்து அவையும் வெளிப்படமாட்டா. காய்ச்சல் ஒன்றே அபாய மணியாக ஒலிக்கும். முதியவர்களிடத்தும் ஸ்ரீரோயிட் மருந்து எடுப்பவர்களிடத்தும் சில வேளை அதுவும் ஒலியாது. நடுக்கமும் மனத் தடுமாற்றமுமே காணப்படும்.

ஆகவே வெப்பமானி 38 பாகை செல்சியஸ், அஃதாவது 100.4 பரனைற், காட்டினால் உடனே புறப்படவேண்டும். கிளினிக்கில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே கொள்க. பார்க்குமுன் பனடோல் கொடுத்தால் காய்ச்சல் மறைந்துவிடும், நோய் மறையாது.

எங்கே போவது? மஹரகமவிற் சிகிச்சை பெறும் கிளிநொச்சிவாசி, "என்னைப் பார்க்கும் டொக்டர் அங்கேதானே" என்று காலை பஸ்ஸுக்குக் காத்திருத்தல் தகாது. அண்மையிலுள்ள பெரிய வைத்தியசாலையே அவ்விரவுக்கு உரியது. வாகனமில்லையெனில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்த சுவசெரிய அம்புலன்ஸ் பின்னர் நாடெங்கும் விரிந்தது. வைத்தியசாலையில் வரிசையில் ஒதுங்கி நில்லாதீர்கள். கிளினிக் புத்தகத்தை நீட்டி, "மருந்தேற்றி இத்தனை நாள், இப்போது காய்ச்சல்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். போய்ச் சேர்ந்து ஒரு மணித்தியாலத்துள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து நாளத்தில் ஏறவேண்டும் என்பது இன்றைய மருத்துவ நெறி. அடக்கம் நல்ல குணந்தான். அந்த வாசலில் அதற்கு வேலையில்லை.

காய்ச்சல் மட்டுமன்று. மூச்சுத் திணறல், நெஞ்சு நோ, நில்லாத குருதிப்பெருக்கு, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, ஓயாத வயிற்றோட்டம் ஆகியனவும் அவசரமே. பலரும் அறியாதது இன்னொன்று: புதிதாக முதுகு நோவெடுத்து, கால்கள் சோர்ந்து மரத்து, சிறுநீர் கழிப்பதும் தடைப்பட்டால், கட்டி முண்ணாணை நெரிக்கிறதோ என்று ஐயுறவேண்டும். அன்றே பார்க்காவிட்டால், இழந்த நடை திரும்பாமற் போகலாம்.

நோயாளர் பலர் வாய் திறப்பதில்லை. "பிள்ளைகளை ஏன் நித்திரையில் எழுப்புவான்" என்று கிடப்பார்கள். "மருந்து என்றால் இப்படித்தான்" என்று அயலாரும் ஆறுதல் சொல்வார்கள். ஆகவே வீட்டிலுள்ளோர் தாமே வெப்பமானியை எடுத்துச் சென்று பார்க்கவேண்டும்.

இளைஞர்களே, உங்களிற் சிலரிடம் ஓட்டோ உண்டு. சிலரிடம் வான் உண்டு. நள்ளிரவில் எந்தெந்த வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று ஊரார் அறியும்படி, இக்கூட்டம் கலையுமுன் ஒரு பட்டியல் எழுதிக்கொள்வோமா?